பருவநிலையைத் திருப்ப முடியுமா என்று கேட்டவருக்கு

"பூமி எத்தனையோ முறை சூடாகியிருக்கிறது, எத்தனையோ முறை உறைந்திருக்கிறது, அப்போதெல்லாம் அனல் மின் நிலையமா இருந்தது? இயற்கையின் சுழற்சியை மனிதன் நினைத்தால் திருப்பிவிடலாம் என்பது ஆணவம். முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், மற்ற நாடுகள் நிறுத்தாதபோது நாம் மட்டும் நிறுத்தி என்ன பயன்? கொரோனா ஊரடங்கில் உலகமே முடங்கிக் கிடந்தது. அப்போதுகூடக் காற்றில் கரியமில வாயு குறையவில்லையே!" உங்கள் கேள்வியின் சாரம் இதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்தில் ஆண்டுக்கு ஒரு மாணவராவது இதைக் கேட்பார். பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவராகத்தான் இருப்பார். நாலு வரைபடத்தைக் காட்டி அவர் வாயை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்த நாட்களும் உண்டு. இப்போது யோசித்துப் பார்த்தால் அவர் கேள்வியில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதியை உங்களுக்கு முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். பருவநிலையைத் 'திருப்புவது', அதாவது 1950இல் இருந்த வெப்பநிலையையும் கடலையும் பனியையும் மீட்டுக் கொண்டுவருவது, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நடக்கப்போவதில்லை. மரக்கன்று கொடுத்து அப்படி வாக்குறுதி தருகிறவர்களை நம்ப வேண்டாம். நான் வேலை பார்த்த கல்லூரியிலும் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஆண்டுதோறும் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். ஏறக்குறைய அதே இடத்தில், அதே குழியில். குழிதான் வளர்ந்தது.

திருப்ப முடியாது என்பதிலிருந்து ஒன்றுமே செய்ய முடியாது என்பதற்கு நீங்கள் ஒரே தாவாகத் தாவிவிடுகிறீர்கள். நடுவில் 'நிறுத்துவது' என்று ஒன்று கிடக்கிறது. இந்தப் பதில் முழுவதும் அதைப் பற்றித்தான்.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். பூமி முன்பும் மாறியிருக்கிறது என்பதைத் தோண்டி எடுத்துச் சொன்னவர்களே பருவநிலை அறிவியலாளர்கள்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. ஆகவே அன்று தனுஷ்கோடியிலிருந்து மன்னாருக்குப் போகப் படகு தேவைப்பட்டிருக்காது, கால் நனையாமல் நடந்தே போயிருக்கலாம். பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்பட்ட மெல்லிய மாற்றம் பனியை உருக்கத் தொடங்கியது. கடலிலிருந்து வெளியேறிய கரியமில வாயு அந்த வெப்பத்தைப் பெருக்கியது. அந்த வாயுவின் அளவு நமக்கு எப்படித் தெரியும்? அண்டார்டிகாவில் துளையிட்டு எடுக்கும் பனித் தண்டுகளில் அந்தந்தக் காலத்துக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பழம்பனியில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் படபடவென்று பொரியும். மனிதன் எழுதப் படிக்கத் தெரிந்துகொள்வதற்கு முன்பு சிறைப்பட்ட காற்று நம் தம்ளரில் விடுதலையாகும் சத்தம் அது.

அந்தக் குமிழ்கள் 8 லட்சம் ஆண்டுக் கணக்கைச் சொல்கின்றன. இவ்வளவு காலத்திலும் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 180க்கும் 300க்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்து 180இலிருந்து 280ஐ நெருங்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கிய 1958இல் அது ஏறத்தாழ 315. 2024இன் சராசரி 424. அதே நூறு பங்கு, ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள். அந்தப் பழைய மெதுவான உந்துதலுக்கே கடல் 120 மீட்டர் நகர்ந்தது என்றால், பூமி எளிதில் அசைந்துகொடுக்கும் சுபாவம் உள்ளது என்றுதானே பொருள்? 'முன்பும் மாறியிருக்கிறது' என்ற சாட்சி உங்கள் பக்கம் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை.

மௌனா லோவாவில் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி ஒரு சிறு தகவல். காற்று வெளியேற்றப்பட்ட கண்ணாடிக் குடுவையை எடுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி, காற்று வீசும் திசைக்கு எதிராகச் சில அடிகள் நடந்துபோய் அதன் வாயைத் திறப்பார்கள். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்கு இருக்கிறது. ஒரு பெருமூச்சு போதும், கணக்கு கெட்டுவிடும். இந்த அளவீடுகளையெல்லாம் யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கற்பனை செய்கிறார்கள் என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

சரி, அந்தக் கூடுதல் வாயு நம்முடையதுதானா? எரிமலையிலிருந்து வந்திருக்கக் கூடாதா? இதற்கு வகுப்பில் ஒரு கணக்கு போடச் சொல்வேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எவ்வளவு எடை? முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை எரித்தால் எவ்வளவு கரியமில வாயு வரும்? எல்லோரும் முக்கால் கிலோவுக்குள்ளேயே ஒரு விடை சொல்வார்கள். சரியான விடை 2.3 கிலோ. முக்கால் கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோவா என்று முழிப்பார்கள். பெட்ரோலில் இருப்பது ஏறக்குறைய 630 கிராம் கரி. ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 எடையுள்ளது 44 ஆகிறது. கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்தது. வண்டியின் டேங்கில் கைக்கு அடக்கமாகக் குலுங்கிய ஒரு லிட்டர், ஐம்பது கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் மும்மடங்கு எடையாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இந்தக் கணக்கு ஒரு சோதனையையும் கையில் கொடுக்கிறது. எரித்ததால்தான் வாயு கூடியது என்றால், காற்றில் ஆக்சிஜன் அதற்கேற்ற அளவு குறைய வேண்டும். எரிமலை கக்கியிருந்தால் அப்படிக் குறையாது. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் 1980களின் இறுதியிலிருந்து இதை அளந்தார். குறைகிறது. மிகச் சிறிய அளவுதான், மூச்சுத் திணறும் என்று யாரும் பயப்பட வேண்டாம். குறையும் அளவு நாம் எரிப்பதோடு ஒத்துப்போகிறது என்பதுதான் விஷயம். கரியின் வகையும் காட்டிக்கொடுக்கிறது. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் கதிரியக்கக் கரி-14 துளியும் மிச்சமிருக்காது. அந்தப் பழங்கரி கலந்து காற்றில் கரி-14இன் விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950களிலேயே மர வளையங்களில் கண்டுவிட்டார். சூரியன்தான் காரணமாக இருக்குமோ என்றால், சூரியன் காய்ந்தால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்தே சூடாக வேண்டும். நடப்பது வேறு: கீழே சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இலேயே கணக்கிட்டு எழுதினார்கள். மனாபேக்கு அந்த வரிசை ஆராய்ச்சிகளுக்காக 2021இல் நோபல் பரிசு வந்தது. கைரேகை எடுத்து, ஆளும் ஒத்துப்போன பிறகு இந்த விவகாரத்தில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை.

இனி உங்கள் ஊரடங்குக் கேள்வி. கேள்விகளிலேயே இதுதான் கூர்மையானது.

ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது, மதகு வழியே போகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக வரவும் செலவும் சமமாக இருந்ததால் நீர்மட்டம் அப்படியே நின்றது. நாம் பக்கத்தில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டி ஏரிக்குள் விட்டோம். பழைய வாய்க்காலோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். "மனிதன் விடுவது மொத்தத்தில் சில சதவீதம்தான்" என்று பரப்பப்படும் வாதம் அந்த அளவில் உண்மை. பழைய வரவுக்குப் பழைய செலவு சரியாகப் போய்விடுகிறது, புதிய வரவுக்கு மதகு இல்லை என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிடும். இன்று நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, காடழிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 4,000 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு ஏரிக்குள் போகிறது. மரங்களும் கடலும் பாவம், அதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்கின்றன. மீதி தேங்குகிறது.

2020இல் என்ன நடந்தது? உலகின் உமிழ்வு ஐந்து சதவீதம் அளவுக்குக் குறைந்தது. நூறு குடம் ஊற்றிய இடத்தில் தொண்ணூற்றைந்து குடம் ஊற்றினோம். நீர்மட்டம் எப்படி இறங்கும்? ஏறும் வேகம் கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். விமானம் நின்றது, தியேட்டர் மூடியது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மின் நிலையமும் சிமெண்ட் ஆலையும் உர ஆலையும் பெருமளவு ஓடிக்கொண்டேதான் இருந்தன. ஊரடங்கு எனக்குச் சொன்ன பாடம் உங்களுக்குச் சொன்னதற்கு நேர் எதிரானது. மனிதர்களை வீட்டுக்குள் பூட்டி வைத்துப் பட்டினி போட்டால் மிச்சமாவது ஐந்து சதவீதம்தான். மீதித் தொண்ணூற்றைந்து சதவீதம் உலையிலும் கொதிகலனிலும் இருக்கிறது, தனிமனிதரின் ஒழுக்கத்தில் இல்லை.

அந்தப் புது வாய்க்காலை முழுவதுமாக அடைத்துவிட்டால்? இங்கே நானே பல ஆண்டுகள் தவறாகப் பாடம் நடத்தினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் இன்னும் அரை டிகிரி ஏறியே தீரும், அது ஏற்கெனவே அடுப்பில் ஏற்றியாகிவிட்டது" என்று கரும்பலகையில் எழுதிச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கு, காற்றில் உள்ள வாயுவின் அளவு இன்றைய மட்டத்திலேயே நின்றால் என்ன ஆகும் என்பதற்கான விடை. உமிழ்வு நின்றால் அளவு நிற்காது, இறங்கத் தொடங்கும். கடல் தொடர்ந்து குடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கடலின் ஆழம் இன்னும் சூடாகி முடியாததால் வெப்பநிலை மேலே இழுக்கப்படுகிறது. இன்னொரு பக்கம் வாயு குறைவதால் கீழே இழுக்கப்படுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. 2008இல் பருவநிலை ஆய்வாளர்கள் டேமன் மாத்யூஸும் கென் கால்டெய்ராவும் இதைக் காட்டினார்கள். 2020இல் பூமியின் பருவநிலையைக் கணக்கிடும் பல கணினி மாதிரிகளை அருகருகே ஓட்டிப் பார்த்தபோதும் அதே விடைதான் வந்தது: கரியமில வாயு உமிழ்வு நிகரப் பூச்சியத்தைத் தொட்டால், அதாவது நாம் வெளிவிடுவதும் நாம் திரும்ப எடுப்பதும் சமமானால், சில ஆண்டுகளில் வெப்பநிலை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும்.

இந்த முடிவு பத்திரிகைகளில் போதிய அளவு வரவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். நம்பிக்கையிழந்து பேசுகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. வெப்பநிலை என்பது வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் மாதிரி, ஓடிய தூரம் அப்படியே அதில் ஏறுகிறது. ஓட்டத்தை நிறுத்தினால் மீட்டரும் நிற்கும். பின்னால் ஓடாது. உலக நாடுகளின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் மதிப்பீட்டில், ஒரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்குச் சுமார் 0.45 டிகிரி செல்சியஸ் ஏறும். இன்றைய வேகத்தில் அது 25 ஆண்டு ஓட்டம்கூட இல்லை. மீத்தேனும், புகையில் இருக்கும் கந்தகத் துகள்களும் இந்தக் கணக்கைச் சற்று இப்படியும் அப்படியும் அசைக்கும், அடிப்படை மாறாது. ஏறியது முழுக்க நம் கணக்கில் ஏறியது என்றால், நிறுத்தும் பிடியும் நம் கையில்தான் இருக்கிறது. இயற்கையே சூடேற்றிக்கொண்டிருந்தால்தான் நாம் உண்மையிலேயே கையாலாகாதவர்களாக இருப்போம்.

திருப்புவது ஏன் நடக்காது என்பதையும் அதே கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க, காற்றிலிருந்து ஏறத்தாழ 22,000 கோடி டன் வாயுவை உறிஞ்ச வேண்டும். ஐஸ்லாந்தில் 2021இல் ஒரு சுவிஸ் நிறுவனம் 'ஓர்க்கா' என்ற உறிஞ்சு ஆலையைத் திறந்தது. பெரிய பெரிய மின்விசிறிகள் காற்றை இழுக்கும், வடிகட்டி வாயுவைப் பிடிக்கும், அதைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துவார்கள், அது அங்கே கல்லாக உறைந்துவிடும். அழகான வேலை, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. அதன் திறன் ஆண்டுக்கு 4,000 டன். உலகம் வெளிவிடும் வாயுவில் இது மூன்று நான்கு விநாடி. 2024இல் திறந்த 'மாமத்' ஆலை 36,000 டன் திறன் கொண்டது, அரை நிமிடம். அந்த மாமத் முழுத் திறனில் ஓடி அந்தப் பத்தில் ஒரு டிகிரியைக் குறைக்க 61 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆலைகள் பெருகும், விலை இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும், ஊற்றிக்கொண்டே இருக்கும்போது ஸ்பூனால் இறைப்பதைத் திட்டம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்துக் கந்தகப் புகை மேலடுக்குக்குப் போனபோது உலகம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. அதையே விமானம் வைத்து நாம் செய்தால் என்ன? செய்யலாம், குளிரவும் குளிரும். ஓரிரு ஆண்டில் துகள்கள் கீழே விழுந்துவிடும், ஆகவே ஆண்டுதோறும் நிறுத்தாமல் தூவ வேண்டும். ஒரு போர் வந்து தூவுவது நின்றால், அடக்கி வைத்த சூடு அத்தனையும் சில ஆண்டுகளில் திரும்பி ஏறும். பருவமழையை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு யாராலும் உறுதி தர முடியாது. பருவமழையை நம்பி வாழ்கிற நாம் இந்தப் பேச்சைக் கேட்டுக் கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

திரும்பாதவையும் சில உண்டு. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகி வெளிறின. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மீண்டன, கொஞ்சம் செத்தன. கடல் மட்டம் ஏறுவது வெப்பநிலை நின்ற பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் தொடரும். ஆனாலும் எவ்வளவு ஏறும் என்பது இன்னும் முடிவாகவில்லை: அடுத்த 2,000 ஆண்டுகளில், வெப்ப ஏற்றத்தைத் தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட 1.5 டிகிரியில் நிறுத்தினால் இரண்டு மூன்று மீட்டர், 5 டிகிரி வரை விட்டால் 19 முதல் 22 மீட்டர். 'எப்படியும் ஏறத்தான் போகிறது' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பவர் நாகப்பட்டினத்தில் வீடு கட்டியிருக்கமாட்டார்.

இதெல்லாம் இயற்பியல். உங்கள் அவநம்பிக்கையின் வேர் மனிதர்களைப் பற்றியது என்று நினைக்கிறேன். முடியும் சரி, செய்வார்களா?

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பின்புறம் பாருங்கள். கீழே கறுப்பாக உருண்டையாக இருக்கும் கம்ப்ரஸரின் மேல், உள்ளே ஓடும் குளிர்பதன வாயுவின் பெயரோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சமீபத்தில் வாங்கியது என்றால் பெரும்பாலும் 'ஆர்-600ஏ' என்று போட்டிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு பழையது என்றால் 'ஆர்-134ஏ' என்று இருக்கலாம். என் தலைமுறையினர் வீட்டில் முதலில் இருந்ததில் 'ஆர்-12'. "கேஸ் போய்விட்டது, அடிக்க வேண்டும்" என்று மெக்கானிக் வந்து சிலிண்டரோடு உட்காருவாரே, அந்தக் கேஸ். ஆர்-12 என்பது சி.எஃப்.சி. எனப்படும் குளோரோஃபுளோரோகார்பன் வகையைச் சேர்ந்தது. அது மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் சொன்னபோது தொழில் நிறுவனங்கள் சிரித்தன. 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அப்போதும் இதே சண்டைதான். "நீங்கள் அரை நூற்றாண்டு குளிரூட்டிக்கொண்டீர்கள், எங்கள் வீட்டுக்குப் பெட்டி வரும் நேரத்தில் நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்று இந்தியாவும் சீனாவும் ஒதுங்கி நின்றன. நியாயமான கேள்வி. 1990இல் லண்டனில் கூடி, வளரும் நாடுகள் மாறுவதற்கான செலவை ஏற்க ஒரு நிதியம் அமைத்த பிறகுதான் வழி பிறந்தது. இந்தியா 1992இல் சேர்ந்தது. உலகின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமாக அது இருக்கிறது. அண்டார்டிகா ஓசோன் 2066 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்பது இப்போதைய மதிப்பீடு. திரும்புகிற ஒன்றையும் இதோ காட்டிவிட்டேன்! அந்த ஆர்-12 வெப்பம் பிடிப்பதில் கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு பொல்லாதது. அடுத்து வந்த 134ஏ ஓசோனைத் தொடாது, வெப்பத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல். அதையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் அதே ஒப்பந்தத்துக்குத் திருத்தம் வந்தது. இப்போதைய 600ஏ நம் சமையல் கேஸின் பங்காளி, வளிமண்டலத்துக்கு ஏறக்குறைய தீங்கற்றது. நாம் கடைக்குப் போய் எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்றுதான் கேட்டோம். உள்ளே கேஸ் இருமுறை மாறிவிட்டது. யாரும் நம்மிடம் தியாகம் கேட்கவில்லை.

குளிர்பதன வாயு தயாரித்த நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, நிலக்கரியோ பொருளாதாரத்தின் முதுகெலும்பு, இரண்டும் ஒன்றா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றில்லை. ஆகவே நிலக்கரியையே பார்ப்போம். உலகின் முதல் பொது நிலக்கரி மின் நிலையம் 1882இல் லண்டனில் ஓடத் தொடங்கியது. அதே பிரிட்டனில் 2012இல்கூட மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரி. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையத்தை மூடினார்கள். நாட்டில் நிலக்கரி மின்சாரம் பூச்சியம். தொழிற்புரட்சியைத் தொடங்கி வைத்த நாடு, பன்னிரண்டே ஆண்டில்.

நம் நாட்டுக் கணக்கு கலவையானது. 2010இன் இறுதியில் தேசிய சூரிய மின் திட்டத்தின் முதல் ஏலத்தில் யூனிட் விலை சராசரியாக 12 ரூபாயைச் சுற்றி வந்தது. பணக்காரர் விளையாட்டு என்று அன்று நானே சொன்னேன். 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய். 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99 ரூபாய். எந்தப் பருவநிலை மாநாட்டுத் தீர்மானத்தையும்விட இந்த மூன்று எண்களை நான் நம்புகிறேன். 2025இல் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி போன்றவை அல்லாத மூலங்களுக்கு வந்துவிட்டது. நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. இரவில் சூரியன் இல்லை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆடியில் அடிக்கிற அடி மார்கழியில் இல்லை. உற்பத்தியில் இன்னும் சுமார் முக்கால் பங்கு நிலக்கரிதான். சீனாவின் கதையும் இப்படியே இரட்டை முகம்: உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிப்பது அது, 2024 ஒரே ஆண்டில் 277 கிகாவாட் சூரிய மின் திறன் நிறுவியதும் அதுவே. நாம் அதுவரை மொத்தமாக நிறுவியிருந்தது அதில் பாதிகூட இல்லை. "சீனா செய்யவில்லையே" என்பவர்கள் கடைசியாக எப்போது செய்தித்தாள் பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

'நாம் மட்டும்' என்ற வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன். இதுவரை சேர்ந்த மொத்த வாயுவில் கால் பங்கு அமெரிக்காவுடையது. யார் முதலில், யார் அதிகமாக என்ற சண்டையை விட்டுக்கொடுக்கக் கூடாது. 1990இல் விட்டுக்கொடுக்காததால்தான் நிதியம் வந்தது. சண்டை போடுவதும் ஒன்றும் செய்ய முடியாது என்று கைகழுவுவதும் வேறு வேறு. பாரிஸ் உடன்பாட்டுக்கு முன் இந்த நூற்றாண்டு இறுதிக்குள் ஏறக்குறைய 4 டிகிரி என்று கணக்கிட்டார்கள். இப்போதைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் 3 டிகிரிக்குச் சற்றுக் கீழே. போதாது, பயங்கரமாகவே போதாது; உலகின் உமிழ்வு 2024இலும் புதிய உச்சம் தொட்டது. என்றாலும் அந்த ஒரு டிகிரி வானத்திலிருந்து விழுந்த வித்தியாசம் இல்லை.

மீத்தேனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திருப்புவது பற்றிய கணக்கு முழுமையாகாது. கரியமில வாயு போல அது நூற்றாண்டுக் கணக்கில் தங்காது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் சிதைந்துவிடும். அதைக் குறைத்தால் ஏற்கெனவே ஏறிய வெப்பத்தில் ஒரு சிறு பங்கு உண்மையிலேயே இறங்கும். அது வரும் இடங்கள்: எண்ணெய்க் கிணற்றுக் கசிவு, மாடு, குப்பைமேடு, பிறகு நெல் வயல். தேங்கிய நீருக்குக் கீழே காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. நம் விவசாயத்துறையினர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொல்கிறார்களே, வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சுவது, அதில் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைகிறது. வெப்பம் பிடிக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், கழித்துப் பார்த்தாலும் லாபம்தான். முறைவைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலை நம்பியவருக்கு இது எளிதில்லை. காயவிட்ட பிறகு தண்ணீர் வராமல் போனால் யார் பொறுப்பு?

என் மைத்துனர் ஒருவர் டெல்டாவில் ஆழ்துளைக் கிணறு வைத்து நெல் போடுகிறார். பருவநிலை என்று நான் வாயெடுத்தால், "மாமா, மழை பெய்வதும் பெய்யாததும் உங்கள் கையிலா இருக்கிறது?" என்று உங்களைப் போலவே கேட்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயலில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்திருந்தார், ஒரு சாண் உயரம் வெளியே தெரிய. உள்ளே எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டியதில்லை, பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது, மோட்டார் அடிக்கடி எரிந்துபோகிறது என்பதற்காக வைத்தது. போன சம்பாவில் நான் போயிருந்தபோது வரப்பில் குந்தி, ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து ஈரம் எதுவரை என்று பார்த்தார். "இன்னும் நாலு விரற்கடை இருக்கிறது. நாளை மறுநாள் மோட்டார் போட்டால் போதும்" என்று எழுந்து, குச்சியைக் காதோரம் செருகிக்கொண்டு அடுத்த வயலுக்கு நடந்தார்.